சிவப்பு நிற்கும் இடத்தில் கத்தியும் நிற்கும்

ஓடினீர்கள்!

கையுறையைக் கழற்றவில்லை. பாதுகாப்புக் கண்ணாடி நெற்றியில் ஏறி உட்கார்ந்திருந்தது. வெள்ளை மேலங்கியில் ஒரே ஒரு பொத்தான் மாட்டியிருக்க, ஆய்வுக்கூடத்து மாடிப்படிகளில் தடதடவென்று இறங்கி, இந்தப் பக்கமும் பார்க்காமல் அந்தப் பக்கமும் பார்க்காமல் சாலையில் பாய்ந்தீர்கள். சட்டென்று பிரேக்கை மிதித்த பேருந்து ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "ஏம்மா, வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கத்தினார். அது உங்கள் காதில் விழவே இல்லை. எதிரே இருந்த மருத்துவமனையின் கண்ணாடிக் கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு உள்ளே மறைந்தீர்கள். அங்கே, யாரென்று நீங்கள் அறியாத ஒருவரின் கழுத்தில் கத்தி இறங்கப் போகிறது. உங்கள் கண்டுபிடிப்பை நம்பித்தான் இறங்கப் போகிறது. அந்தக் கண்டுபிடிப்போ பொய் சொல்லப் போகிறது! இது இந்த உலகத்தில் உங்களுக்கு மட்டும் தெரிந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

அருமண் உலோகங்களின் அருமை அறிந்த அம்மையீர்! இருளைத் திரையாக்கி ஒளியை எழுத்தாக்கிய வித்தகியே! யூரோப்பியத்தைச் சிவக்க வைத்து, டெர்பியத்தைப் பச்சையாய்ப் பூக்க வைத்து, சோம்பிக் கிடந்த உலோகங்களுக்கெல்லாம் சுறுசுறுப்பு ஊட்டிய சுடரே! கடிந்தாலும் கனிந்தாலும் கணக்குத் தப்பாத எங்கள் தலைவியே! பணி நிறைவு காணும் இப்பொன்னாளில், உங்கள் பாசறையில் பயின்றோரும் பணிபுரிந்தோரும் கூடி நின்று சொல்கிறோம், வணக்கம்!

பாராட்டு மடல் என்றால் பிறப்பு, படிப்பு, பதவி என்று படிப்படியாக நடக்க வேண்டுமாம். பொறுத்தருள்க. நீங்கள் நிதானமாக நடந்து நாங்கள் பார்த்ததில்லை. ஆகவே உங்களை ஓடவிட்டே தொடங்கியிருக்கிறோம். நீங்கள் மருத்துவமனைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் அந்த இடைவெளியில், நீங்கள் யார் என்பதை இந்த அவைக்குச் சொல்லிவிடுகிறோம்.

உங்கள் முதுகுக்குப் பின்னால் உங்களுக்கு நாங்கள் வைத்த பெயர் 'இருட்டம்மா'. உங்களுக்குத் தெரியாது என்றுதான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தோம். ஒரு பிறந்தநாளில் கேக்கை வெட்டும் முன் நீங்களே எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டு, "என்ன, இருட்டம்மா வெட்டலாமா?" என்று கேட்டபோது, பாதிப் பேர் மேசைக்கு அடியில் ஒளிய இடம் தேடினோம்.

அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. புதிதாய்ப் பிறந்த சேர்மம் எதுவானாலும் சரி, குடுவையில் வந்து நின்றதும் "நல்லா இருக்கு" என்று வெளிச்சத்தில் எவரும் வாய் திறக்கக் கூடாது. உங்கள் கட்டளை ஒன்றே ஒன்று: "லைட்டை அணை. வாயை மூடு. கொஞ்சம் பொறு. இப்பப் பாரு."

யூரோப்பியத்தை நீங்கள் 'வீட்டோட மாப்பிள்ளை' என்பீர்கள். தானாக எழுந்து ஒளியைப் பிடிக்காது. பக்கத்தில் ஒரு மூலக்கூறு உட்கார்ந்து, புற ஊதா ஒளியைப் பிடித்து, ஆன்டெனா போல வாங்கி, வாயில் ஊட்டிவிட வேண்டும். ஊட்டிவிட்டால் போதும், முகமெல்லாம் சிவந்துவிடும்! அந்தச் சிவப்பு சட்டென்று அணையாது என்பதுதான் அதன் பெருமை. அதே ஒளி பட்டால் மனிதத் தசைக்கும் சொந்தமாக ஒரு மினுமினுப்பு உண்டு. ஆனால் அது பிறந்த கணத்திலேயே செத்துவிடும். யூரோப்பியத்தின் சிவப்போ நமக்குக் கண்ணிமைப்பில் ஒரு துணுக்கு என்றாலும், தசையின் மினுமினுப்போடு வைத்துப் பார்த்தால் ஒரு யுகம். ஆகவே கேமராவைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னீர்கள். தசையின் கூச்சல் அடங்கியபின் அது கண்ணைத் திறந்தால், எதிரே யூரோப்பியம் மட்டும் சிவப்பாய் நிற்கும். இதைத்தான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விதவிதமாய் வடிவமைத்தீர்கள். அமிலத்தை அறியும் சேர்மம், ஆக்சிஜனை அளக்கும் சேர்மம், நோய்ச் செல்லின் மேல் மட்டும் கொக்கி போட்டு ஒட்டிக்கொள்ளும் சேர்மம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூடு கட்டி, ஒரு ஆன்டெனா நட்டு, ஒரு வேலை கொடுத்து வெளியே அனுப்பினீர்கள்.

உங்கள் இருட்டறைக்கு மூன்றடுக்குக் கறுப்புத் திரை தைத்துக் கொடுத்தவர் உங்கள் வீட்டுக்காரர். தையல் கடை வைத்திருக்கும் அந்தப் பெருந்தகை, "அவனவன் பொண்டாட்டிக்குப் பூப்போட்ட துணி தைக்கறான். நான் பேய் பங்களாவுக்குத் திரை தைச்சுக்கிட்டிருக்கேன்" என்று புலம்பிக்கொண்டே தைத்த தையலில் இன்றுவரை ஊசிமுனை வெளிச்சம் நுழைந்ததில்லை. முன்வரிசையில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருக்கும் அவருக்கும் எங்கள் வணக்கம்!

இனி கழுத்துக்கு வருவோம்.

கழுத்தின் தைராய்டில் புற்றுக்கட்டி வந்தால் வெட்டி எடுக்க வேண்டும். அதன் பின்னாலேயே நூல் போல ஓடுகிறது குரல் நரம்பு. அது அறுந்தால் பேச்சு போனது போனதுதான். மிஞ்சுவது மூச்சுக் காற்றின் ஓசை. நோயை மிச்சம் வைத்தால் அது திரும்ப வரும். கண்ணுக்கு நோயும் நல்ல தசையும் ஒரே நிறம். எங்கே நிறுத்துவது? இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் எதிரே இருக்கும் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் உங்கள் அறைக்கு வந்தார். நீங்கள் சொன்ன வழி எளிமையிலும் எளிமை. அறுவை நடக்கும்போதே விளிம்பிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து, நம் கரைசலில் நனைத்து, கழுவி, கேமராப் பெட்டிக்குள் வைப்பது. சிவந்தால் நோய் இன்னும் இருக்கிறது, வெட்டலாம். இருண்டால் நோய் முடிந்துவிட்டது, நிறுத்தலாம். சிவப்பு நிற்கும் இடத்தில் கத்தியும் நிற்கும்!

சேமித்து வைத்த சீவல்களில் சோதித்தோம். பளீர் பளீர் என்று சிவந்தது. அனுமதி வந்தது. முதல் நோயாளியும் வந்தார். கட்டி நரம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார் மருத்துவர். வழக்கமான முறையில் போனால், நோயை முழுதாய் எடுக்க நரம்பையும் சேர்த்து எடுக்க வேண்டியதுதான் என்றார். நோயாளி யார் என்று நாம் கேட்கக் கூடாது; அது மருத்துவமனையின் விதி. அன்று நமக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கழுத்து, ஒரு நரம்பு, ஒரு குரல்.

அறுவை நாளும் விடிந்தது. அன்று காலைதான் நம் கருவிக்கூடத்துத் தராசுக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உங்கள் முன் வந்து நின்றார். திரவத்தை அளந்து உறிஞ்சும் பிப்பெட்டுகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. தண்ணீரை உறிஞ்சி, தராசில் விட்டு, எடை சரியா என்று பார்ப்பார்.

"மேடம், எல்லா பிப்பெட்டும் செத்துப்போச்சு."

"எல்லாமேவா?"

"ஒண்ணு விடாம. நூறு எடுன்னா நூத்திப்பத்து எடுக்குது. எங்க மாமியார் காப்பிக்குச் சர்க்கரை போடற மாதிரி தாராளமா போடுது. புதுசுதான் வாங்கணும். கொள்முதல் அம்மாகிட்ட நான் போய் நிக்க மாட்டேன், நீங்களே போங்க. நல்லவேளை, இன்னிக்கு அவங்க லீவு."

சிரித்தது நாங்கள்தான். நீங்கள் சிரிக்கவில்லை.

"எல்லாமே ஒரே அளவுக்கு எப்படிக் கெடும்?" என்றீர்கள். யாரிடமும் கேட்டதாய்த் தெரியவில்லை. பிறகு, "தண்ணி எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"உங்க அலமாரியிலேர்ந்துதான். கரைசல் பண்ற தண்ணி பாட்டில். பெரிசு."

உங்கள் முகம் வெளிறிப்போனதை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

பிப்பெட் கெடவில்லை. தண்ணீர்தான் கனத்தது!

இந்த அவையில் வேதியியல் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. கன நீர் என்று ஒன்று உண்டு. நிறத்திலும் மணத்திலும் நம் தண்ணீரே. எடை மட்டும் பத்தில் ஒரு பங்கு கூட. நம் சேர்மத்தை இரண்டு நீரிலும் கரைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது நம் அன்றாட வேலை. ஏனென்றால் சாதாரண நீர் ஒரு திருடன். யூரோப்பியத்தின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, ஆன்டெனா ஊட்டிய ஒளியைச் சிவப்பாக வெளியே விடாமல் தானே உறிஞ்சி வெப்பமாக்கிவிடும். கன நீர் அப்படிச் சட்டென்று திருடாது. விலையோ வைரம் போல. ஆகவே மிச்சத்தைக் கொட்டாமல் ஒரு பாட்டிலில் சேர்த்து வைப்பது உங்கள் சட்டம். அலமாரியைத் துடைத்த நாளில், அந்தச் சேமிப்புப் பாட்டிலைச் சாதாரணத் தண்ணீர்த் தட்டில் ஏற்றி வைத்ததும் உங்கள் கைதான். கன நீரைக் காசு போலச் சேர்க்கிற வீட்டில்தான் இந்தத் தவறு நடக்கும்; வேறெங்கும் நடக்காது.

அந்தப் பாட்டிலில் செய்த கரைசலில்தான் அத்தனை சோதனையும் நடந்திருக்கிறது. திருடன் இல்லாத ஊரில் பூட்டைச் சோதித்து, 'பூட்டு பலே பலே' என்று நாம் கைதட்டியிருக்கிறோம்! மருத்துவமனையிலோ அவர்களுடைய உப்புநீரில்தான் கலக்கப் போகிறார்கள். திருடன் வந்துவிடுவான். சிவக்க வேண்டிய விளிம்பு இருண்டு காட்டும். நோய் முடிந்துவிட்டது என்று நம்பி மருத்துவர் நோயை உள்ளேயே வைத்துத் தைத்துவிடுவார்.

"ஐயோ, இருட்டு பொய் சொல்லுமே!" என்றீர்கள்.

தொலைபேசியில் செவிலியர், "டாக்டர் கை கழுவியாச்சு. போன் எல்லாம் உள்ள கொண்டுபோக முடியாதும்மா" என்றார். அப்புறம்தான் அந்த ஓட்டம்.

அறுவை அரங்கின் வாசலில் நடந்ததை மருத்துவரே எங்களிடம் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார். மயக்க மருந்துக்குக் காத்திருந்த நோயாளி வாசலோரம் தள்ளுவண்டியில் தலைமூடியும் போர்வையுமாய்ப் படுத்திருக்க, நீங்கள் அந்த வண்டியை இடித்துக்கொண்டு, யார் என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல், கதவுக்குள் பாதி உடம்பை நுழைத்தீர்களாம்.

"நிறுத்துங்க டாக்டர்!"

"அம்மா! செருப்பு! இது தியேட்டர்!"

"செருப்பு கிடக்கட்டும். என் கரைசல் பொய். சோதனை மொத்தமும் தப்புத் தண்ணியில நடந்திருக்கு. வேற யாரையும் கேட்காதீங்க, தப்பு பண்ணினது நான். நான்தான்."

"அப்ப இப்ப நான் என்ன பண்றது?"

"வழக்கமா எப்படிச் செய்வீங்களோ அப்படிச் செய்ங்க. எங்களுக்காக யாரும் காத்திருக்கக் கூடாது."

சொல்லிவிட்டுத் திரும்பி வந்தீர்கள். சாயங்காலம் மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டீர்கள், ஆகவே ஒரு சொல் விடாமல் நாங்களும் கேட்டோம்.

"இன்னிக்கு ஆபரேஷன் நடக்கலை. நீங்க சரிபண்ற வரைக்கும் காத்திருக்கேன்னுட்டாங்க."

"பைத்தியமா அவங்க?"

"நானும் அதையேதான் கொஞ்சம் மரியாதையா கேட்டேன். 'ஜெயிச்சுட்டேன்னு ஓடி வர்றவங்களை நிறையப் பார்த்திருக்கேன் டாக்டர். தப்பு பண்ணிட்டேன்னு செருப்போட ஓடி வந்தவங்களை இப்பதான் பார்க்கறேன். இவங்களுக்காகக் காத்திருக்கலாம்'னாங்க. கட்டி மெதுவா வளர்ற ஜாதி. சில வாரம் தாங்கும். மாசக்கணக்குல எல்லாம் தாங்காது."

நீங்கள் அழுதீர்கள் என்கிறார் தராசுக்காரர். தும்மினேன் என்கிறீர்கள் நீங்கள். அந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

மாண்புமிகு மதியூகியே! அதன்பின் வந்த வாரங்களில் உங்கள் மேதைமையை நாங்கள் மிக அருகில் நின்று பார்த்தோம். தூங்கினீர்களா என்று உங்கள் வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும். சாப்பிட்டீர்கள் என்பதற்கு மட்டும், மேசை இழுப்பறையில் கிடந்த பிஸ்கட் தாள்கள் சாட்சி. கரும்பலகையில் நடுவே ஒரு பெரிய வட்டம் போட்டு, "இவருக்கு ஒன்பது கை" என்றீர்கள். யூரோப்பியத்தின் ஒன்பது கைகளில் எட்டை நம் கூடு பிடித்துக்கொண்டிருக்கிறது. சும்மா தொங்குகிற ஒன்பதாவது கையைத்தான் நீர் வந்து பிடித்துக்கொள்கிறது. "கல்யாண வீட்ல ஒரு நாற்காலி காலியா விட்டா சும்மா இருப்பானா? எவனாவது வந்து உட்காரத்தான் செய்வான். நாமளே ஆள் போடணும்." கூட்டிலிருந்து புதிதாய் ஒரு கிளை முளைத்து, அந்த ஒன்பதாவது கையை இறுகப் பிடிக்க வேண்டும். நீர் வந்தால் உட்கார இடம் இருக்கக் கூடாது.

முதல் கிளை ஒட்டிய அன்றே கரைசல் பால் போலத் திரிந்து அடியில் தங்கியது. இரண்டாவது கிளை குண்டாய் இருந்து, நோய்ச் செல்லைப் பிடிக்க வேண்டிய கொக்கியையே மறைத்துக்கொண்டது. "இது காவலுக்கு வந்தவன் வாசலை அடைச்சுக்கிட்டு நிக்கற கதை" என்று அதையும் தூக்கிப் போட்டீர்கள். மூன்றாவது கிளை தாளில் கச்சிதமாக இருந்தது. ஆனால் அதைச் செய்யத் தேவையான மூலப்பொருள் நம்மிடம் இல்லை. வாங்க வேண்டும்.

வாங்க வேண்டும் என்றால், போக வேண்டிய இடம் கொள்முதல் அறை.

அந்த அறையின் வாசலில் எங்களில் எத்தனையோ பேர் வியர்த்திருக்கிறோம். உங்களுக்கும் நம் கொள்முதல் அதிகாரிக்கும் இடையே ஓடிய போர், இந்தக் கட்டடத்தின் வரலாற்றில் தனி அத்தியாயம். ஒரு கண்ணாடிக் குழாய்க்காக நீங்கள் இருவரும் வாரக்கணக்கில் பேசாமல் இருந்து, இடையில் தூது போன தராசுக்காரர் இளைத்தே போனார். அன்று நடந்த சண்டை எல்லாவற்றுக்கும் மேல். கதவு திறந்தே இருந்ததால் தாழ்வாரமே கேட்டது.

"இன்னிக்கே ஆர்டர் போகணும்," என்றீர்கள்.

"மூணு விலைப்புள்ளி எங்க மேடம்?"

"அம்மா தாயே, அங்க ஒருத்தர் கழுத்துல கட்டியை வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்கார்."

"இருக்கட்டும். போன தடவை அவசரம் அவசரம்னு ஒரே இடத்துல வாங்கினீங்க. பாட்டில்ல பாதி அழுக்கு. மறுபடி வாங்கி, மறுபடி பண்ணினீங்க. மூணு பேர்கிட்ட கேட்டாத்தான் எவன் சரக்கு சுத்தம்னு தெரியும். சுத்தச் சான்று இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"உங்க வீட்டு ஆளா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

"எங்க வீட்டு ஆளா இருந்தா இன்னும் ரெண்டு சான்று சேர்த்துக் கேட்பேன்."

கதவை நீங்கள் அறைந்து சாத்திய வேகத்தில் சுவரிலிருந்த நாட்காட்டி கீழே விழுந்தது. "கல் நெஞ்சு" என்றீர்கள். இன்னும் சில சொற்களும் சொன்னீர்கள்; சட்டம் போட்டு மாட்டப் போகிற மடலில் அவற்றை எழுத எங்களுக்குத் துணிவில்லை. ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும் அல்லவா? அன்று கொள்முதல் அறையில் தொலைபேசி ஓயவே இல்லை. மூன்று இடத்தில் விசாரித்து, மூன்று சான்றையும் வரவழைத்து, ஒன்றைத் திருப்பி அனுப்பி, இருப்பதிலேயே சுத்தமானதைப் பிடித்து, விமானத்தில் ஏற்ற வைத்து, வந்த பாட்டிலைத் தானே தூக்கிவந்து உங்கள் மேசையில் 'ணங்' என்று வைத்தார் அதிகாரி. நீங்கள் நன்றி சொல்லவில்லை. அவரும் எதிர்பார்த்ததாய்த் தெரியவில்லை. நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். "பார்த்தீங்களா, நம்மளைத் தவிக்க விட்டுட்டு ஜாலியா ஊர் சுத்தப் போறாங்க" என்றார் தராசுக்காரர்.

பாட்டிலில் இருந்தது அப்பழுக்கில்லாத சரக்கு. மூன்றாவது கிளை முதல் முயற்சியிலேயே ஒட்டியது!

இம்முறை தண்ணீர் விஷயத்தில் நீங்கள் எவரையும் நம்பவில்லை, உங்களையும் சேர்த்து. "கண்ட தண்ணியும் கொண்டா!" என்றீர்கள். குழாய்த் தண்ணீர் வந்தது. மருத்துவமனை உப்புநீர் வந்தது. மழை பிடித்த வாளி வந்தது. வரவேற்பறை மீன் தொட்டியிலிருந்து ஒரு குவளை வந்தது. மீன்களின் சார்பில் வரவேற்பாளர் பலத்த எதிர்ப்புத் தெரிவித்தார். எல்லாவற்றையும் தராசில் எடை பார்த்துவிட்டே கரைசல் செய்தீர்கள். திரை மூடியது. விளக்கு அணைந்தது. வாயை மூடினோம். பொறுத்தோம். பார்த்தோம்.

சிவப்பு! ஒரு குழாய் விடாமல், ஒரு தண்ணீர் பாக்கி இல்லாமல், மீன் தொட்டித் தண்ணீரில்கூட மங்காத, மயங்காத, மாறாத சிவப்பு! திருடன் வந்து பார்த்தான், உட்கார நாற்காலி இல்லை, திரும்பிப் போய்விட்டான். அன்று நாங்கள் போட்ட கூச்சலில் மேல்மாடிக் கணிதத் துறையினர் நிலநடுக்கம் என்று கீழே இறங்கி வந்தார்கள். கொண்டாட்டம் ஓய்ந்ததும், சேமித்து வைத்த சீவல்கள் அத்தனையையும் புதிதாய், சரியான நீரில், முதலிலிருந்து மறுபடி சோதித்தீர்கள். அதன்பிறகே மருத்துவரை அழைத்தீர்கள்.

அறுவை நாள் மறுபடி வந்தது. அரங்குக்குப் பக்கத்துச் சிற்றறையில் கேமராப் பெட்டியோடு நீங்கள். உங்களுக்குத் துணையாகத் தராசுக்காரர். நடுவே ஒரு சிறு சன்னல். அதன் வழியே கிண்ணத்தில் சீவல் வரும். அப்பால் பச்சைத் துணிகளுக்கு நடுவே ஒரு சாண் கழுத்து மட்டும் தெரிந்ததாம்.

முதல் சீவல். சிவப்பு. "வெட்டுங்க."

அடுத்தது. சிவப்பு. "வெட்டுங்க."

அடுத்தது. விளிம்பில் மட்டும் ஒரு கோடு. "இன்னும் இருக்கு. கொஞ்சமா."

மருத்துவரின் குரல் வந்தது. "அம்மா, இதுக்கு மேல மயிரிழைதான். அடுத்தது நரம்பு. பார்த்துச் சொல்லுங்க."

அடுத்த சீவல் வந்தது. பெட்டியை மூடினீர்கள். இருட்டு. வெறும் இருட்டு. ஒருமுறை பொய் சொன்ன இருட்டு அல்லவா? முன்பே சிவந்த சீவலை எடுத்து, இதன் பக்கத்திலேயே வைத்து, இரண்டையும் சேர்த்துப் பார்த்தீர்கள். அது சிவந்தது. இது இருண்டது. விளக்கு சரி, கரைசல் சரி, கண்ணும் சரி.

"நிறுத்துங்க டாக்டர். முடிஞ்சுது."

"நிச்சயமா?"

"என் பேர்ல எழுதிக்கங்க."

கத்தி நின்றது. நரம்பு பிழைத்தது.

மயக்கம் தெளிந்து நோயாளி பேசினார் என்று மறுநாள் மருத்துவர் அழைத்துச் சொன்னார். என்ன பேசினார் என்று நாங்கள் துருவியதற்கு அவர் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னது: "'இந்தத் தள்ளுவண்டிச் சக்கரம் இப்படிக் கிறீச்சிடுதே, இதை யார் வாங்கினது?'ன்னு கேட்டாங்க. கணீர்னு!"

அன்றிலிருந்து எத்தனை கழுத்துகள், எத்தனை குரல்கள்! நீங்கள் கட்டிய கூடு இன்று பல மருத்துவமனைகளின் அறுவை அரங்குகளில் சிவந்துகொண்டிருக்கிறது. நீங்கள் எங்களுக்குத் தந்தது சேர்மங்கள் மட்டுமல்ல. வெற்றியை மெதுவாகவும் தவற்றை உரக்கவும் சொல்லப் பழக்கினீர்கள். எங்களில் எவராவது தப்பு செய்துவிட்டு வந்து நின்றால், "யார் பண்ணினது?" என்று நீங்கள் கேட்டதே இல்லை. "எப்பத் தெரிஞ்சுது?" என்றுதான் கேட்டீர்கள். தெரிந்ததும் வந்து சொன்னவனுக்குப் பிஸ்கட் கிடைத்தது. தெரிந்தும் மறைத்தவனுக்கு என்ன கிடைத்தது என்பதை, அவன் இந்த அவையிலேயே உட்கார்ந்திருப்பதால், நாகரிகம் கருதி விடுகிறோம்.

சீற்றத்தில் புயலே! சிரிப்பில் மழலையே! கன நீரை மட்டும் கஞ்சத்தனமாய்க் காத்து, அறிவைக் கணக்கில்லாமல் வாரி வழங்கிய வள்ளலே! நாளை முதல் உங்கள் இருக்கை காலி. அந்த ஒன்பதாவது கையைப் பிடிக்க எந்தக் கிளையை நாங்கள் எங்கே போய்ச் செய்வது? உங்கள் வீட்டுக்காரர் இனியாவது உங்களுக்குப் பூப்போட்ட துணியில் ஒன்று தைத்துத் தரட்டும். நீங்கள் சாலையைக் கடக்கும்போது இனியாவது இரு பக்கமும் பார்த்துக் கடக்க வேண்டும். எங்களுக்காக இல்லாவிட்டாலும் அந்தப் பேருந்து ஓட்டுநருக்காக. கண்ணொளி குன்றாமல், கால்வலி அண்டாமல், மனத்தில் மகிழ்ச்சியும் இல்லத்தில் இனிமையும் நிறைந்து, நூறாண்டு கடந்தும் நீங்கள் எங்களை அதட்டிக்கொண்டே வாழ வேண்டும்!

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. அந்த முதல் நோயாளி யார் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. விதியை மதித்தீர்கள். மருத்துவரும் வாய் திறக்கவில்லை. தெரிந்தால் உங்கள் கை நடுங்கும், நடுங்கினால் கணக்குத் தப்பும் என்று, சொல்ல வேண்டாமென அவரைக் கேட்டுக்கொண்டதே நோயாளிதானாம். இனி உங்கள் கை நடுங்கினால் பாதகமில்லை. யாரென்று சொல்ல இன்று அனுமதி கிடைத்துவிட்டது.

இப்படிக்கு,

குடுவை கழுவுவோர் முதல் கூட்டிப் பெருக்குவோர் வரை, உங்கள் ஆய்வுக்கூடத்து ஊழியர்கள் அனைவரும்;

அவர்கள் எல்லோர் சார்பிலும் இந்த மடலை முதல் வரியிலிருந்து இந்த வரி வரை உங்கள் முன் நின்று வாய்விட்டு வாசித்தவள்,

கொள்முதல் அதிகாரி,

அன்று அந்தத் தள்ளுவண்டியில் படுத்திருந்தவள்.